மலைக்கோட்டை நிழலில் ஒரு வாலிபால் மைதானம்

மதுரை ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் ஏறி, ஜன்னல் ஓர இடமும் கிடைத்துவிட்டால் எனக்கு வேறெதுவும் வேண்டாம். சமயநல்லூர் தாண்டியதுமே வெயிலின் கடுமை கொஞ்சம் தணிந்தாற்போல் இருக்கும். வலது கைப் பக்கம் சிறுமலை கூடவே நடந்து வரும். இடது பக்கம் தூரத்தில் கொடைக்கானல் மலை, நீலப் புடவையைக் கொடியில் உலர்த்தியதுபோல் நீண்டு கிடக்கும். வாடிப்பட்டி, கொடை ரோடு என்று வரிசையாக வந்து, திராட்சைப் பந்தல்களைப் பார்த்துக்கொண்டே சின்னாளப்பட்டி போய்ச் சேர்ந்தால், சுங்குடிச் சேலை மூட்டையோடு நாலு பேராவது ஏறுவார்கள்.

இந்த முறை நான் போனது ஊர் பார்க்க அல்ல. திண்டுக்கல்லில் இருக்கும் என் நாத்தனாரின் மாமியாருக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். "மதினி, ஒரு வாரம் வந்து கூட இருங்க. எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு" என்று போனில் சொன்னாள். வற்றலும் பொடி வகையும் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சின்னாளப்பட்டியில் அன்றைக்குச் சேலை மூட்டையோடு, ஏழெட்டுப் பெண்களும் ஏறினார்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன், காலில் ஷூ. ஒருத்தி தோளில் வலைப் பை, அதில் நாலைந்து பந்து. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணின் மடியில் பளபளவென்று ஒரு கோப்பை.

"என்னம்மா, ஜெயிச்சீங்களா?" என்றேன்.

"ஜெயிச்சோம்க்கா. வாலிபால்" என்றாள். முகத்தில் சந்தோஷம் இருந்தாலும் அது பாதியில் நின்றுபோன சந்தோஷமாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளே மெதுவாகச் சொன்னாள்: "ஆனா ரெண்டு டீம்தான்க்கா வந்துச்சு. ஒரே மேட்ச். அதுதான் ஃபைனலும்."

பந்தயத்துக்கு ஆள் வராமல் ஜெயிப்பது என்ன ஜெயிப்பு? அந்தக் கேள்வி அந்த வாரம் முழுவதும் என்னை விடவில்லை.

திண்டுக்கல்லைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூட்டும் பிரியாணியும் ஊர் பெயரோடு ஒட்டிக்கொண்டு விட்டன. பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. ஊருக்கு நடுவே யானை படுத்தாற்போல் அந்தப் பாறை. மேலே 1605-ல் மதுரை நாயக்கர்கள் தொடங்கிய கோட்டை. பிறகு ஹைதர் அலி, திப்பு, கும்பினிக்காரர்கள் என்று கை மாறிக்கொண்டே வந்தது. கணவனை இழந்த வேலு நாச்சியார் 1770-களில் அடைக்கலம் தேடி வந்து, ஹைதரின் உதவியோடு மறுபடி எழுந்து நின்றது இந்தச் சீமையில்தான். கோட்டைக்குக் கீழே மாரியம்மன். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சிறுமலை வாழைப்பழத் தார் தொங்கும். தோல் கறுத்துப்போனதைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், உள்ளே தேன்!

நாத்தனாருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் அமெரிக்காவில் சியாட்டிலில் வேலை பார்க்கிறான். மகள் இங்கேயே ஒரு பெண்கள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவளும் வாலிபால்தான். விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், பாட்டிக்குக் கண்ணில் மருந்து விட்டு முடித்த கையோடு, "நீ எங்கதான் போற, நானும் பார்க்கிறேன்" என்று நானும் கூடவே கிளம்பிவிட்டேன்.

மைதானம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. செம்மண் தரை, இரண்டு கம்பம், ஒரு வலை. மேற்கே திரும்பினால் கோட்டைப் பாறை, அதன் உச்சியில் முதல் வெயில். அங்கே அந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு ஓய்வு பெற்ற விளையாட்டு டீச்சர். அறுபதைத் தாண்டியவர், ஆனால் பந்தை எடுத்து அடித்தாரென்றால் எதிரே நிற்கிற இருபது வயசுப் பெண் ஒரு அடி பின்னால் போகிறாள். சம்பளமில்லை, ஒன்றுமில்லை. "சும்மா வீட்ல உட்கார்ந்தா முழங்கால் பிடிச்சுக்குது" என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

பஸ்ஸில் பார்த்ததை அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"நான் இதே ஊர்ல படிச்சவம்மா. அப்போ எங்க காலேஜ் மதுரை யூனிவர்சிட்டியில இருந்துச்சு. கல்லூரிகளுக்கு இடையே போட்டின்னா மதுரைக்குப் போவோம். விடிஞ்சும் விடியாம ஒரே பஸ், கட்டுச் சோறு புளியோதரை. அங்க போனா லேடி டோக், ஃபாத்திமா, மீனாட்சி காலேஜ்னு வரிசையா நிப்பாங்க. பாளையங்கோட்டையில இருந்தும் நாகர்கோவில்ல இருந்தும்கூட வருவாங்க. முதல் வருஷம் பதினஞ்சுக்கு மூணு, பதினஞ்சுக்கு நாலுன்னு தோத்துட்டு அழுதுக்கிட்டே திரும்பினோம். மூணாவது வருஷம் அதே டீமை ஜெயிச்சோம். அந்தத் தோல்வி இல்லாட்டி இந்த ஜெயிப்பு ஏது?"

அவர் சொன்ன கதையை நான் கொஞ்சம் விளக்கினால்தான் உங்களுக்குப் புரியும். மதுரைப் பல்கலைக்கழகம் 1966-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து தொடங்கியது. 1978-ல் காமராஜர் பெயர் சேர்ந்தது. தெற்குச் சீமைக் கல்லூரிகள் எல்லாம் கன்னியாகுமரி வரைக்கும் அதன் குடைக்குக் கீழேதான் இருந்தன. திண்டுக்கல்லில் ஜி.டி.என். கல்லூரி 1964-லும், எம்.வி. முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரி 1966-லும், பழனியில் அருள்மிகு பழனியாண்டவர் மகளிர் கல்லூரி 1970-லும் வந்தன. எல்லாம் ஒரே குடும்பம், ஒரே பந்தயம்.

பிறகு குடும்பம் பிரிந்தது. சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமத்தின் கிராமியக் கல்வி நிலையம், 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. 1984-ல் கொடைக்கானலில், அன்னை தெரசா உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரில் மகளிர் பல்கலைக்கழகம் வந்தது. பின்னால் இந்தப் பக்கத்துப் பெண்கள் கல்லூரிகள், எம்.வி. முத்தையா, பழனி, தாமரைப்பாடி புனித அந்தோணியார், பெரியகுளம் ஜெயராஜ் அன்னபாக்கியம் எல்லாம் அதோடு இணைந்தன. மதுரை நகரத்துப் பெண்கள் கல்லூரிகளான லேடி டோக், ஃபாத்திமா, மீனாட்சி கல்லூரிகள் மதுரையோடேயே நின்றுவிட்டன. 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்து நெல்லை, தூத்துக்குடி, குமரியைக் கொண்டுபோனது. 2001-ல் இன்ஜினீயரிங் கல்லூரிகள் எல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போயின. மருத்துவம், சட்டம், ஆசிரியப் பயிற்சி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பல்கலைக்கழகம்.

படிப்புக்காகச் செய்த ஏற்பாடு இது, அதில் நியாயம் உண்டு. பெண்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் என்றால் நமக்குப் பெருமையில்லையா! ஆனால் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் இந்த மைதானத்தின் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஏனென்றால் கல்லூரிப் போட்டி என்பது பல்கலைக்கழகத்தை வைத்துத்தான். உன் பல்கலைக்கழகம் எதுவோ அதிலுள்ள கல்லூரிகளோடுதான் நீ விளையாட வேண்டும். அதிலிருந்து பன்னிரண்டு பேரைப் பொறுக்கிப் பல்கலைக்கழக டீம். அந்த டீம் தென்மண்டலத்துக்குப் போகும். அங்கே முதல் நாலு இடத்துக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி. அதிலும் நன்றாக ஆடினால், 2020-ல் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டு. ஏணி ஒன்றுதான், முதல் படிதான் மாறிவிட்டது.

இதன் விசித்திரத்தைப் பாருங்கள். காந்திகிராமத்தில் படிக்கும் பெண்ணுக்குக் கல்லூரிகளுக்கிடையே போட்டி என்பதே இல்லை. ஒரே வளாகம்தானே பல்கலைக்கழகம்! அவள் நேரே தென்மண்டலத்துக்குத்தான் போக வேண்டும். பதினோரு கிலோமீட்டர் தள்ளித் திண்டுக்கல்லில் படிக்கிறவள் கொடைக்கானல் கணக்கு. அதே ஊரில் ஜி.டி.என்.னில் படிக்கும் அவள் சிநேகிதி மதுரைக் கணக்கு. முத்தனம்பட்டி பி.எஸ்.என்.ஏ.வில் இன்ஜினீயரிங் படிக்கும் அடுத்த வீட்டுப் பெண் சென்னைக் கணக்கு. நாலு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே டீமில் விளையாடியவர்களாக இருக்கலாம். ஒரே டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். பல்கலைக்கழகப் போட்டியில் ஒருத்திக்கு எதிரே ஒருத்தி நிற்க வழியில்லை.

"அப்போ இப்ப எல்லாம் நஷ்டம்தானா டீச்சர்?" என்றேன்.

"அப்படிச் சொல்லிட முடியாதும்மா" என்றார். ஒரு கல்லில் உட்கார்ந்து, என் மருமகள் முறைப் பெண்ணைக் காட்டினார். "பெரிய யூனிவர்சிட்டியிலயும் பன்னெண்டு பேர்தான் டீம். சின்ன யூனிவர்சிட்டியிலயும் பன்னெண்டு பேர்தான். கிராமத்துப் பிள்ளைக்கு இங்க இடம் கிடைக்கிறது சுலபம். நான் படிச்சப்போ எங்க காலேஜ்ல இருந்து ஒருத்தி மதுரை யூனிவர்சிட்டி டீமுக்குள்ள போனா ஊரே கொண்டாடும். இப்போ நல்லா ஆடுற பிள்ளை ரெண்டாவது வருஷமே போயிடுது. அந்த சர்டிபிகேட்டுக்கு மதிப்பு இருக்குல்ல?"

இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பித்தால் படிவம் மூன்று என்று ஒன்று கேட்பார்கள். பல்கலைக்கழகத்துக்காக, பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கும் போட்டியில் ஆடியதற்கான சான்று அது. தபால் இலாகா, ரயில்வே, வருமான வரி என்று எத்தனையோ குடும்பங்களில் முதல் அரசு உத்தியோகம் ஒரு பெண்ணின் விளையாட்டால் வந்திருக்கிறது. சில இடங்களில் ஆடியது மட்டும் போதாது, இடமும் பிடித்திருக்க வேண்டும் என்பார்கள். அங்கேதான் சிக்கல்.

"சர்டிபிகேட் வாங்கிடலாம், ஆனா தென்மண்டலத்துல போய் நிக்கும்போது எதிர்ல யாரு? கேரளாவுல இருந்து கோழிக்கோடு யூனிவர்சிட்டி வரும். சென்னையில இருந்து எஸ்.ஆர்.எம். வரும். அவங்க எல்லாம் உயரமான பிள்ளைகளா தேடித் தேடி, சாப்பாடும் ஃபீஸும் குடுத்துச் சேர்க்கிறவங்க. அந்த வேகத்துல வர்ற பந்தை நம்ம பிள்ளை அன்னைக்குத்தான் முதல் தடவை பார்க்குது. வருஷத்துல ரெண்டு மேட்ச் ஆடினா கை எப்படிப் பழகும்? எங்களுக்கு லேடி டோக்கும் ஃபாத்திமாவும் சும்மா எதிரி இல்லம்மா. அவங்கதான் எங்களுக்கு டீச்சர்."

அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. மருமகள் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "அத்தை, நான் இதுவரைக்கும் ஒரு மதுரை டீமோட ஆடினதே இல்ல. அவங்க எப்படி ஆடுவாங்கன்னு யூடியூப்லதான் பார்த்திருக்கேன்" என்றாள். மதுரை, அறுபத்து சொச்சம் கிலோமீட்டர்! நான் மாதம் ஒரு முறை வந்து போகிற தூரம்.

அன்று ராத்திரி சியாட்டிலிலிருந்து மகன் கூப்பிட்டான். பாட்டியின் கண்ணை விசாரித்து முடிந்ததும் தங்கை இந்தப் பேச்சை எடுத்தாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இங்கயும் இதே கூத்துதான் அத்தை. கொஞ்சம் பெரிய கூத்து" என்றான்.

அங்கே மேற்குக் கரையில் பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு கூட்டணியாம், பசிபிக் பன்னிரண்டு என்று பெயர். அதன் வேர் 1915-க்குப் போகிறது. அந்த ஊர்க் கால்பந்துக்கு டெலிவிஷன்காரர்கள் கொட்டுகிற பணத்துக்காக, 2022 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸின் இரண்டு பல்கலைக்கழகங்கள் வேறு கூட்டணிக்குப் போகிறோம் என்று அறிவித்தன. 2023 ஆகஸ்டில் ஒரே நாளில் ஐந்து போயின. செப்டம்பர் முதல் தேதி இன்னும் இரண்டு. கடைசியில் மிஞ்சியது ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்று இரண்டே இரண்டு. இரண்டுமே சின்ன ஊர்க் கல்லூரிகள். வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன், கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். "பேரு பன்னிரண்டு, ஆளு ரெண்டு!" என்றான். பஸ்ஸில் பார்த்த கோப்பைக்காரி என் கண் முன்னால் வந்து நின்றாள்.

அவர்களும் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போய்க் கூட்டணியின் சொத்தும் நிர்வாகமும் தங்களுக்கே என்று வாங்கினார்கள். 2024-ல் ஆள் தேடி, புதிய கல்லூரிகளை 2026-லிருந்து சேர்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். நடுவில் வந்த இரண்டு வருஷம்தான் பெண்கள் டீம்களுக்குச் சோதனை. வாலிபாலும் பாஸ்கெட்பாலும் வேறொரு கூட்டணியில் இரவல் இடம் வாங்கி ஆட வேண்டியதாயிற்று. ஆரிகன் ஸ்டேட்டின் பெண்கள் பாஸ்கெட்பால் டீம் 2024-ல் தேசத்தில் கடைசி எட்டுக்குள் வந்த டீம். அது முடிந்த கையோடு முக்கியமான ஆட்டக்காரிகள் பலர் பெரிய கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களையும் புதியவர்களையும் வைத்துக்கொண்டு, அடுத்த வருஷமே அந்த இரவல் கூட்டணியில் கோப்பையை வாங்கி, மறுபடியும் தேசியப் போட்டிக்குப் போனார்கள்!

பிரிந்து போனவர்களுக்கு மட்டும் நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் பெண்கள் ஒரு மேட்சுக்காக நாட்டின் இந்தக் கோடியிலிருந்து நியூ ஜெர்ஸி வரை விமானத்தில் போய்வர வேண்டும். பணம் கால்பந்துக்கு, அலைச்சல் எல்லாருக்கும். இன்னொன்றும் சொன்னான். 1959-ல் இதே கூட்டணியின் முன்னோர் கலைந்து வேறு பெயரில் கூடியபோது ஐடஹோ பல்கலைக்கழகத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவே இல்லையாம். அது புல்மனிலிருந்து எட்டே மைல் தூரத்தில் இருக்கிறது. எட்டு மைல் என்றால் திண்டுக்கல்லுக்கும் காந்திகிராமத்துக்கும் நடுவே உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட.

அங்கே பணத்துக்காகப் பிரிந்தார்கள். நம் பக்கம் நிர்வாகத்துக்காக. சொல்லாமல் கொள்ளாமல் மாட்டிக்கொண்டது இரண்டு இடத்திலும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்தான்.

மறுநாள் டீச்சர் வீட்டுக்கே போனேன். காபி கொடுத்துவிட்டு அவர் எடுத்த பேச்சு, போட்டியைப் பற்றி அல்ல, சாப்பாட்டைப் பற்றி. "மேட்ச் எப்படியோ போகட்டும்மா. இந்தப் பிள்ளைங்க காலையில வெறும் வயித்துல வந்து ஓடுதுங்க. கேட்டா ஒரு டீ, ஒரு பன்னு. எட்டரை மணிக்குத் தலை சுத்துதுன்னு உட்காருதுங்க" என்று சலித்துக்கொண்டார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தச் சோகை உள்ளவர்கள் என்று வந்திருக்கிறது. விளையாடும் பெண்ணுக்கு அது இரட்டைச் சுமை. இந்த ஊர்க் கம்பும் கேழ்வரகும் எங்கே போய்விட்டன? ராத்திரியே கரைத்து வைத்த கம்பங்கூழில் மோர் விட்டு ஒரு சொம்பு, போகும்போது ஒரு சிறுமலைப் பழம், திரும்பி வந்ததும் வேர்க்கடலையும் வெல்லமும். மத்தியானம் முருங்கைக் கீரையோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சம்பழமோ சேர்ந்தால் கீரையிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது ஒட்டாது, ஒரு மணி நேரமாவது விடச் சொல்லுங்கள். வெளியூர் மேட்ச் அன்று மாதவிலக்கு வந்துவிட்டால் வாயைத் திறக்காமல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்களாம், கழிப்பறை எங்கே என்று கேட்க வெட்கப்பட்டு. அதைவிடக் கெடுதல் வேறில்லை. அம்மா முதலிலேயே பேசி, பையில் வேண்டியதை வைத்து அனுப்பிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

நாத்தனாருக்கு வேறு கவலை. "செலவு மதினி" என்றாள். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, வாஸ்தவம். பயிற்சிக்குப் போய்வரக் காசு வேண்டாம். வெளியூர் பஸ்ஸுக்கு அது செல்லாது. பெரியகுளமோ பழனியோ மேட்சுக்குப் போனால் போக வர, சாப்பாடு, சில சமயம் ராத்தங்கல். கல்லூரி கொடுக்கிற படி பத்தினால் பத்தும், இல்லாவிட்டால் வீட்டுக் காசு. பல்கலைக்கழக அலுவலகம் மலைமேல். வத்தலக்குண்டு வழியாக வளைந்து வளைந்து ஏறிப் போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். குளிர், வாந்தி வேறு. "மதுரைன்னா காலையில போயிட்டு ராத்திரிக்குள்ள வந்துடும். இவங்கப்பாகிட்ட ஒவ்வொரு தடவையும் நான்தான் கெஞ்ச வேண்டியிருக்கு" என்றாள். எத்தனை பெண்களின் ஆட்டம் இந்த இடத்தில் நின்றுபோயிருக்கும், யார் கணக்கெடுத்தார்கள்?

அதனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் வீட்டில் விளையாடுகிற பெண் பிளஸ் டூ முடித்திருந்தால், கல்லூரியில் சேர்க்கும்போது எந்தக் குரூப், எவ்வளவு ஃபீஸ் என்று கேட்பதோடு, இந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகம், அதில் அவள் ஆடுகிற ஆட்டத்துக்கு எத்தனை கல்லூரிகள் டீம் அனுப்புகின்றன, போன வருஷம் எத்தனை மேட்ச் ஆடினார்கள், நிரந்தர விளையாட்டு ஆசிரியை உண்டா, வெளியூர்ப் படி எவ்வளவு என்றும் கேளுங்கள். பெரிய குடும்பத்தில் இடம் கிடைப்பது கஷ்டம், ஆட்டம் கூர்மையாகும். சின்னக் குடும்பத்தில் இடம் கிடைக்கும், ஆட்டத்துக்குக் கூர் தீட்ட நாம்தான் வெளியே கல் தேட வேண்டும். எது வேண்டும் என்பது பிள்ளையைப் பொறுத்தது. என்னைக் கேட்டால், பயந்த சுபாவமுள்ள பெண்ணுக்கு முதலில் இடம் கிடைப்பதே நல்லது என்பேன். டீச்சர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "பயந்த பிள்ளையைத்தாம்மா பெரிய டீமோட மோத விடணும்" என்றார்.

வெளியே தேடுவதற்கு வழி இல்லாமல் இல்லை. 2023-லிருந்து பெரிய அளவில் நடத்துகிற முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு. அதில் கணக்கு மாவட்டத்தை வைத்து. கொடைக்கானல் கணக்கும் மதுரைக் கணக்கும் சென்னைக் கணக்கும் அன்றைக்கு ஒரே மைதானத்தில் இறங்கலாம். பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஆடிய அந்த நாலு சிநேகிதிகளும் எதிரெதிரே நிற்க அங்கே வழி இருக்கிறது. டீச்சருக்கு அது ஒரு தனிச் சந்தோஷம். 1985-ல் திண்டுக்கல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனபோது பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்லதுதான் நடந்தது என்கிறார். அதுவரை மதுரைப் பள்ளிகளைத் தாண்டினால்தான் மாநிலப் போட்டி. பிரிந்தபின் நத்தம், வேடசந்தூர் பிள்ளைகளுக்கும் மாவட்ட டீமில் இடம் வந்தது. "பிரிக்கிறதே தப்புன்னு நான் சொல்லலம்மா. பிரிச்சுட்டு நடுவுல ஒரு கதவு வைக்க மறந்துடறாங்க" என்றார். பூட்டு செய்கிற ஊர்க்காரர் அல்லவா!

நத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கே என்.பி.ஆர். கல்லூரி மைதானத்துக்கு ஒரு நாள் மாலை மருமகளோடு போய்வந்தேன். மாந்தோப்புகளுக்கு நடுவே பச்சைப் பசேலென்று ஒரு கிரிக்கெட் மைதானம். டி.என்.பி.எல். ஆட்டங்கள் 2016-லிருந்து அங்கே நடந்திருக்கின்றன. 2019 டிசம்பரில் தமிழ்நாடும் கர்நாடகமும் ரஞ்சி மேட்ச் ஆடின. ஒரு கல்லூரி மைதானத்துக்குப் பெரிய டீம்கள் தேடி வருகிற அதே மாவட்டத்தில், பந்தும் கையுமாகச் சில பெண்கள் எதிராளிக்காகக் காத்திருக்கிறார்கள். மருமகள் வேலி ஓரத்தில் நின்று அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல விழுந்து பந்து எடுத்தா முழங்கை தேயாது, இல்ல அத்தை?" என்றாள். அவள் முழங்கையைப் பார்த்தேன். செம்மண் தேய்த்த தழும்பு காய்ந்துகொண்டிருந்தது.

ஊருக்குத் திரும்புகிற அன்று காலையில், பாட்டி கட்டைப் பிரித்துவிட்டு, "யாரு, மதுரைக்காரியா? நல்லா தெரியுதே" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது டீச்சர் வந்தார். கையில் ஒரு கவர்.

"மதுரையில உங்க வீட்டுப் பக்கத்துலதாம்மா இருக்கா. அந்தக் காலத்துல எங்களைப் பதினஞ்சுக்கு மூணுல தோற்கடிச்ச டீமோட கேப்டன். அவளும் ரிடையர் ஆயிட்டா. இப்பவும் ஏதோ ஒரு காலேஜ் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறதா கேள்வி. ஒரு ஞாயித்துக்கிழமை டீமைக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. கப்பு கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. மத்தியானச் சாப்பாடு என் வீட்ல."

மருமகள் எனக்குப் பின்னால் நின்று, "அத்தை, மறக்காம குடுத்துடுங்க" என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள். நாத்தனார் கட்டிக்கொடுத்த நிலக்கோட்டை மல்லியும், மாமாவுக்கென்று வாங்கிய ஒரு மாங்காய்ப் பூட்டும், அந்தக் கவரும் என் பையில் இருந்தன. பஸ் சின்னாளப்பட்டி தாண்டும்போது கவரை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.